தொட்டுப் பார்த்துக் கத்தரி எடுப்போம்

(தொழில் பாடம் – குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்கவும்)



இந்த இதழில் நாய் முடியைப் பற்றிப் பேசப் போகிறோம். "ஆடு, மாடு, கோழி எல்லாம் முடிஞ்சு இப்ப நாய்க்கு வந்துட்டீங்களா?" என்று நீங்கள் சிரிப்பது எங்களுக்குக் கேட்கிறது. சிரித்து முடித்த பிறகு கீழே உள்ள சம்பவத்தைப் படியுங்கள். இந்தப் பாடம் ஏன் வந்தது என்று புரியும்.

பாடம் வந்த கதை

நம் குழுச் சகோதரிகள் பலர் பக்கத்து டவுனுக்கு வீட்டு வேலைக்குப் போகிறார்கள். பாத்திரம், துணி, கூட்டித் துடைப்பது என்று பேசித்தான் வேலைக்குச் சேர்கிறோம். கொஞ்ச நாள் கழித்து, "அப்படியே நாயையும் குளிப்பாட்டி விட்டுடும்மா" என்பார்கள். நாமும் மறுத்துப் பேசுவதில்லை.

ஒரு சகோதரி வேலை பார்த்த வீட்டில் வெள்ளையாக, புசுபுசுவென்று ஒரு சின்ன நாய். சித்திரை வெயிலில் அது நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு வாங்கியது. வீட்டுக்காரர்கள் மெஷினைக் கொடுத்து, ஒட்ட வெட்டி விடச் சொல்லியிருக்கிறார்கள். இவரும், "பாவம், வாயில்லா ஜீவன்" என்று மொட்டை அடித்துவிட்டார். ஆறு மாதம் ஆகியும் முதுகில் முடி சரியாக முளைக்கவில்லை. அங்கங்கே திட்டுத் திட்டாகத் தோல் தெரிந்தது. பழி முழுவதும் இவர் மேல் விழுந்தது. வேலை போனது. கடைசி மாதச் சம்பளமும் கைக்கு வரவில்லை.

இது எங்களுக்கு எப்படித் தெரிந்தது? குழுவில் அவர் இரண்டு மாதம் கடன் தவணை கட்டவில்லை. ஏன் என்று விசாரித்தபோதுதான் அழுதுகொண்டே சொன்னார். "அக்கா, அதே தெருவுல இன்னொரு வீட்டு வெள்ளை நாய்க்கும் வெட்டி விட்டேன். அதுக்கு நல்லா வளந்துடுச்சு. இதுக்கு மட்டும் ஏன் வரல?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு எங்களிடமும் பதில் இல்லை. கால்நடை மருத்துவரிடம் போய்க் கேட்டோம். இரண்டும் வெள்ளைதான், இரண்டும் நீள முடிதான், ஆனால் முடியின் வகை வேறு என்று விளக்கினார். அதன் பிறகு விவரங்களைச் சேகரித்து, அரை நாள் பயிற்சியும் வைத்தோம். அதில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

மேல்முடி, அடிமுடி

நம் தலையில் இருப்பது ஒரே வகை முடி. பல நாய்களுக்கு அப்படி இல்லை. இரண்டு அடுக்கு இருக்கும். மேலே நீளமாக, கொஞ்சம் முரடாக இருப்பது மேல்முடி. அதற்கு அடியில், தோலை ஒட்டிப் பஞ்சு மாதிரி அடர்த்தியாக இருப்பது அடிமுடி. கூரை வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே ஓலை மழையையும் வெயிலையும் தடுக்கிறது. அடியில் இருக்கும் காற்று வீட்டைக் குளிர்ச்சியாக வைக்கிறது. இரட்டை அடுக்கு முடியும் அதே வேலையைத்தான் செய்கிறது. குளிரிலும் காக்கும், வெயிலிலும் காக்கும்.

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தின் அடியில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி, நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு வாங்கித்தான் அது சூட்டைத் தணித்துக்கொள்கிறது. ஆகவே மொட்டை அடித்தால் குளிர்ச்சி வந்துவிடும் என்று நினைப்பது தவறு. கூரையைப் பிரித்துவிட்டு வீட்டுக்குள் உட்காருவது போலத்தான். வெயில் நேராகத் தோலில் படும்.

சில நாய்களுக்கு அடிமுடியே கிடையாது. அவற்றுக்கு ஒரே அடுக்குதான். நம் தலைமுடி மாதிரி வளர்ந்துகொண்டே போகும், வெட்டினால் திரும்ப வளரும். அந்தச் சகோதரி வெட்டிய இரண்டாவது நாய் இந்த வகை.

மூன்று சோதனை

நாய் என்ன ஜாதி என்று நமக்குத் தெரியாமல் இருக்கலாம். வீட்டுக்காரருக்கே தெரியாமல் இருக்கலாம். நிறத்தை வைத்தும் சொல்ல முடியாது. ஆனால் நம் விரல்கள் சொல்லிவிடும். முடி காய்ந்திருக்கும்போது, சீவிய பிறகு இந்தச் சோதனைகளைச் செய்யுங்கள். ஈர முடியும் எண்ணெய் பட்ட முடியும் ஏமாற்றும்.

ஒன்று, பிரித்துப் பார்ப்பது. முதுகில் வகிடு எடுப்பது போல முடியை இரண்டு பக்கமும் ஒதுக்குங்கள். தோல் பளிச்சென்று கோடாகத் தெரிந்தால் ஒரே அடுக்கு. தோல் தெரியாமல் அடியில் பஞ்சு மூடியிருந்தால் இரட்டை அடுக்கு.

இரண்டு, தேய்த்துப் பார்ப்பது. கொஞ்சம் முடியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மெதுவாகத் தேயுங்கள். வழுக்கிக்கொண்டு போகிறதா, பஞ்சு மாதிரி ஒட்டுகிறதா, கரகரவென்று இருக்கிறதா?

மூன்று, தூக்கி விட்டுப் பார்ப்பது. ஒரு கொத்து முடியை மேலே தூக்கி விடுங்கள். உடனே வழுக்கி விழுந்து படிந்தால் பட்டு வகை. மெதுவாக, குழப்பமாக விழுந்தால் பஞ்சு வகை. விழாமல் நட்டுக்கொண்டு நின்றால் இரட்டை அடுக்கு. சுருண்டு பழைய இடத்துக்கே போனால் சுருள் வகை.

ஒரு இடத்தில் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முதுகு, காதுக்குப் பின்புறம், பின்தொடை என்று மூன்று இடத்தில் பாருங்கள். காதுக்குப் பின்னால் எந்த நாய்க்கும் முடி கொஞ்சம் மெல்லியதாகத்தான் இருக்கும்.

ஐந்து வகை முடி

1. பட்டு முடி: மால்டீஸ் என்ற வெள்ளை நாய்க்கும், யார்க்ஷயர் டெரியர் என்ற நாய்க்கும் இருக்க வேண்டிய முடி இது. நேராகத் தொங்கும், பளபளக்கும், தொட்டால் சில்லென்று இருக்கும். அடிமுடி இல்லாததால் அதிகம் கொட்டாது.

யார்க்ஷயர் நாயின் கதை நம்மைப் போன்ற உழைப்பாளிகளின் கதை. இங்கிலாந்தின் வடக்கே யார்க்ஷயர், லங்காஷயர் பகுதிகளில் 19-ஆம் நூற்றாண்டில் நெசவாலைகள் பெருகின. ஸ்காட்லாந்தில் இருந்து அங்கே பிழைக்க வந்த தொழிலாளர்கள் தங்களுடன் கொண்டு வந்த சின்ன நாய்களில் இருந்து உருவான இனம் இது. எலி பிடிக்க வளர்த்தார்கள். அதன் முடியைப் பார்த்தவர்கள், இது தறியில் நெய்த முடி என்று கேலி பேசினார்களாம். 1870-ஆம் ஆண்டு வாக்கில்தான் இன்றைய பெயர் வந்தது. இந்த இனத்துக்கே மூதாதை என்று சொல்லப்படும் 'ஹடர்ஸ்ஃபீல்டு பென்' என்ற நாய் 1865-இல் பிறந்தது. அதை வளர்த்துப் போட்டிகளுக்குக் கொண்டு போனவர் பிராட்ஃபோர்டு நகரத்தைச் சேர்ந்த மேரி ஆன் ஃபாஸ்டர் என்ற பெண்மணி.

2. பஞ்சு முடி: இது தனி ஜாதி இல்லை. பட்டு முடி இருக்க வேண்டிய யார்க்ஷயர், மால்டீஸ் நாய்களிலேயே சிலவற்றுக்கு இப்படி அமைந்துவிடும். ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளில்கூட ஒன்றுக்குப் பட்டும் இன்னொன்றுக்குப் பஞ்சும் வரலாம். பார்க்க அடர்த்தியாக, அழகாகத்தான் இருக்கும். பளபளப்பு இருக்காது. தேய்த்தால் விரலில் ஒட்டும். இந்த முடிதான் நமக்கு அதிக வேலை வைக்கும். இரண்டு நாள் சீவாமல் விட்டால் சிக்கு விழுந்து சடையாகிவிடும். பட்டு முடி நாய்க்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தில் இதை முடிக்க முடியாது. வேலை பேசும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும்.

3. நிமிர்ந்து நிற்கும் இரட்டை அடுக்கு: பொமரேனியன், ஸ்பிட்ஸ் நாய்கள் இந்த வகை. அடியில் மெத்தென்று பஞ்சு, மேலே நேரான கரகரப்பான முடி. அடிமுடி தாங்கிப் பிடிப்பதால்தான் மேல்முடி படியாமல் நிற்கிறது. நம் ஊர்ப் பக்கம் 'பொமரேனியன்' என்று சொல்லி விற்கும் வெள்ளை நாய் பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ். உண்மையான பொமரேனியன் வளர்ந்த பிறகும் 3 கிலோவைச் சுற்றித்தான் இருக்கும். ஸ்பிட்ஸ் அதைவிடப் பெரிது. பெயர் எதுவானாலும் முடி ஒரே வகைதான். ஆகவே விதியும் ஒன்றுதான்: மொட்டை அடிக்கக் கூடாது. அடித்தால் சில நாய்களுக்குத் திரும்ப முளைக்க ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். முளைத்தாலும் திட்டுத் திட்டாகவும் தரம் மாறியும் வரலாம். நம் சகோதரி வெட்டிய முதல் நாய் இதுதான்.

4. தொங்கும் இரட்டை அடுக்கு: ஷிட்சு, லாசா என்று இரண்டு நாய்கள் இப்போது டவுன் வீடுகளில் நிறைய உண்டு. இரண்டும் திபெத், சீனா பக்கத்து நாய்கள். முடி தரை வரை தொங்கும். இரண்டு அடுக்கு உண்டு என்றாலும் நிமிர்ந்து நிற்காது. ஷிட்சு முடி மெதுவாக, லேசான அலையுடன் இருக்கும். லாசா முடி கனமாக, கொஞ்சம் முரடாக, வெள்ளாட்டு முடியைத் தொட்ட மாதிரி இருக்கும். இந்த இரண்டையும் அளவாகக் குறைத்து வெட்டலாம், வளர்ந்துவிடும். ஆனால் இவற்றின் அடிமுடி உதிர்ந்து கீழே விழாமல் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். வெளியே அழகாகத் தெரியும். கையை விட்டுப் பார்த்தால் அடியில் கம்பளி மாதிரி சடை கட்டியிருக்கும்.

5. சுருள் முடி: சின்ன பூடில் நாய்களுக்கு இருப்பது. செம்மறிக் குட்டியைத் தொட்டவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். கொட்டுவது குறைவு, ஆனால் வளர்ந்துகொண்டே இருக்கும். ஒழுங்காக வெட்டிவிட்டே ஆக வேண்டும்.

ஏன் இத்தனை வகை? 2009-இல் 'சயின்ஸ்' என்ற அறிவியல் இதழில் ஒரு ஆய்வு வெளியானது. 80 இனங்களைச் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களைச் சோதித்தார்கள். முடியின் நீளம், சுருள், முகத்தில் மீசையும் தாடியும் வைத்த முரட்டு முடி ஆகியவற்றை முக்கியமாக மூன்று மரபணுக்கள் தீர்மானிக்கின்றன என்று கண்டுபிடித்தார்கள். அதாவது தாய் தகப்பன் வழி வருவது. ஷாம்பூ மாற்றினால் பஞ்சு முடி பட்டு முடி ஆகிவிடாது. யாராவது அப்படிச் சொல்லி விற்றால் நம்ப வேண்டாம்.

குட்டி முடி ஏமாற்றும்

இரண்டு மாதக் குட்டியைத் தொட்டு வகை சொல்லாதீர்கள். எல்லாக் குட்டியும் அந்த வயதில் பஞ்சுதான். பொமரேனியன் குட்டிக்கு நான்கு முதல் ஆறு மாதத்தில் குட்டி முடி உதிர்ந்து, பார்க்கவே பரிதாபமாக இருக்கும். அது நோய் இல்லை. முழு முடி வர ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். அந்த நேரத்தில் குளிப்பாட்டியவள்தான் கெடுத்தாள் என்று பேச்சு வரும். "முடி மாறுற வயசுங்கம்மா, டாக்டர்கிட்ட கேட்டுக்கங்க" என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

வளர்ந்த நாயின் முடி திடீரென்று மாறினால் விஷயம் வேறு. பளபளப்பு போய் வறண்டாலோ, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கொட்டினாலோ, வட்டமாகத் தோல் தெரிந்தாலோ வீட்டுக்காரரிடம் அன்றே சொல்லுங்கள். சுரப்பிக் கோளாறாக இருக்கலாம். பொமரேனியன் வகையில் மெஷின் படாமலேயே முடி கொட்டும் நோயும் உண்டு. வட்டமாக இருந்தால் படர்தாமரையாக இருக்கலாம். அது நமக்கும் ஒட்டும்.

வேலை செய்யும் முறை

வகை தெரிந்தால் வேலை பாதி முடிந்த மாதிரி. மீதி இதுதான்:

முதலில் சீவ வேண்டும், பிறகுதான் குளிப்பாட்ட வேண்டும். நாம் பெரும்பாலும் மாற்றிச் செய்கிறோம். சிக்கு இருக்கும்போது தண்ணீர் பட்டால் கயிறு முறுக்கியது போல இறுகிவிடும்.

மேலோட்டமாகச் சீவினால் போதாது. முடியை வரிசை வரிசையாகப் பிரித்து, தோல் தெரியும் இடத்தில் இருந்து நுனி வரை சீவுங்கள். கடைசியில் இரும்புச் சீப்பு தடங்கல் இல்லாமல் போனால்தான் முடிந்தது என்று அர்த்தம். காதுக்குப் பின்னால், கழுத்துப் பட்டைக்கு அடியில், முன்னங்கால் இடுக்கில்தான் சடை கட்டும்.

சடையைக் கத்தரியால் வெட்டாதீர்கள். தோலும் அதோடு சேர்ந்து மேலே வந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. நாய்த் தோல் நம் தோலைவிட மெல்லியது. ஒரு வெட்டில் கிழிந்துவிடும். சோள மாவு கொஞ்சம் தூவி, விரலால் பிரித்து, நுனியில் இருந்து சீவுங்கள். பிரியாவிட்டால் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

பட்டு, பஞ்சு முடிக்குத் தினமும் சீப்பு வேண்டும். பொமரேனியன், ஸ்பிட்ஸ் வகைக்கு வாரம் இரண்டு மூன்று தடவை போதும். வெயில் காலத்தில் இந்த வகைக்கு நாம் செய்யும் பெரிய உதவி, உதிர்ந்த அடிமுடியைச் சீவி எடுத்துவிடுவதுதான். காற்று உள்ளே போய் வரும். நிழல், நிறையத் தண்ணீர், காலை இளவெயிலில் நடை, இவை போதும்.

நாய்க்கென்று உள்ள ஷாம்பூவையே கேளுங்கள். நாம் குளிக்கும் சோப்பு, துணி சோப்பு, பினாயில் கூடவே கூடாது. நன்றாக அலசி, அடி வரை காய வையுங்கள். அடிமுடியில் ஈரம் தங்கினால் புண் வரும். ஷிட்சு போல மூக்கு சப்பையான நாய்களுக்கு மூச்சு சிரமம் உண்டு. சூடான டிரையர் காற்றை முகத்தில் காட்டாதீர்கள்.

சீவும்போதே காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள்.

நம் பாதுகாப்பு

சீவும்போது வலித்தால் எந்த நாயும் கடிக்கும். வேலையைத் தொடங்கும் முன் வெறிநாய்த் தடுப்பூசி அட்டையைக் கேட்டுப் பாருங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம், அது நம் உயிர். கடித்தாலோ நகம் கீறினாலோ, உடனே ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, மஞ்சள் எதுவும் வைக்காதீர்கள். அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே தடுப்பூசி இலவசம். ரேபிஸ் அறிகுறி வந்த பிறகு காப்பாற்றுவது அநேகமாக முடியாத காரியம். இதையே தொழிலாகச் செய்யப் போகிறவர்கள் கடிபடும் முன்பே தடுப்பூசி போட்டுக்கொள்வது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

கூலியைத் தனியாகப் பேசுவோம்

நாய் பராமரிப்பு தனி வேலை. பாத்திரம் துலக்குவதோடு சேர்த்து இலவசமாகச் செய்ய வேண்டிய வேலை இல்லை. டவுனில் கடை வைத்து இதற்கென்று தனியாகக் காசு வாங்குகிறார்கள். நமக்கு விவரம் தெரியும்போது கேட்கும் தைரியமும் வரும். மூன்று விஷயம் மறக்காதீர்கள்: வேலைக்கு முன்பே கூலி பேசுங்கள். வெட்டுவதற்கு முன் முதுகு, காது, கால் என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒட்ட வெட்டச் சொன்னால், "இது ரெண்டு அடுக்கு முடிங்க, வெட்டுனா முளைக்காம போகலாம். டாக்டரைக் கேட்டுச் சொல்லுங்க, பிறகு செய்யுறேன்" என்று சொல்லுங்கள். செய்ய மாட்டேன் என்று சொல்வதும் வேலை தெரிந்தவள் சொல்லும் பேச்சுதான்.

அந்தச் சகோதரிக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். அவருடைய குழு தீர்மானம் போட்டு, தவணைக்கு மூன்று மாதம் அவகாசம் கொடுத்தது. பிடித்து வைத்த சம்பளம் இன்னும் வரவில்லை. குழுத் தலைவியும் நாங்களும் போய்ப் பேசிக்கொண்டிருக்கிறோம். அரை நாள் பயிற்சிக்கு அவர்தான் முதல் ஆளாக வந்தார். ஒரு வெள்ளை நாயைக் கொண்டு வந்து மேஜை மேல் நிறுத்தியதும், யாரும் சொல்வதற்கு முன்பே முதுகு முடியை விரலால் பிரித்துப் பார்த்தார். "அடியில பஞ்சு இருக்கு. இதுக்கு மெஷின் வேண்டாம், சீப்பு குடுங்க" என்றார்.

கூட்டத்தில் பேச:

1. நம் குழுவில் எத்தனை பேர் வேலை செய்யும் வீட்டில் நாய் குளிப்பாட்டுகிறார்கள்? அதற்குத் தனிக் கூலி கிடைக்கிறதா?
2. வெள்ளை மால்டீஸ், வெள்ளை ஸ்பிட்ஸ் இரண்டையும் எந்தச் சோதனையால் பிரித்து அறிவீர்கள்?
3. ஒட்ட வெட்டச் சொல்லும் வீட்டுக்காரரிடம் எப்படிப் பேசுவீர்கள்? இரண்டு பேர் நடித்துக் காட்டவும்.
4. செய்முறை: வீட்டில் உள்ள ஆடு, செம்மறி, நாய் மூன்றின் முடியையும் பிரித்து, தேய்த்து, தூக்கி விட்டுப் பார்க்கவும். கண்டதை அடுத்த கூட்டத்தில் சொல்லவும்.